பெட்டியை மூடாத ஞாயிற்றுக்கிழமை

மழை விட்டதும் ஆர்மோனியப் பெட்டியைப் பிரித்துத் துடைப்பது என் வழக்கம். ரங்கூன் மழையில் ஊறிய பெட்டிக்கு மனிதனைப் போலவே சளி பிடித்துக்கொள்ளும். இந்த வருஷம் ஒரு ரீடு அடியோடு வாயை மூடிக்கொண்டதால், கட்டைகளை எல்லாம் கழற்றி, என்றைக்கும் கை வைக்காத அடிப்பலகை வரை போக வேண்டியதாயிற்று. அங்கே மூலையில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. பூஞ்சை என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. உங்கள் பவுடர்.

முதல் ஒத்திகையிலேயே டப்பாவை என் பெட்டி மேல் கவிழ்த்தீர்களே, அதுதான். நான் முறைத்த முறைப்பில் பயந்துபோய், குனிந்து வாயால் ஊதினீர்கள். ஊதியதில் பவுடர் வெளியே போவதற்குப் பதிலாகக் கட்டைகளின் இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது. அன்று முழுக்க நான் துருத்தியை மிதிக்கும்போதெல்லாம் பெட்டியிலிருந்து பூ வாசனை வந்தது. நாடகக் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம், வாத்தியாருக்குக் கல்யாணமா என்று கேலி செய்தார்கள்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன மாதம்தான் தெரிந்தது. பபேடான் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் உங்கள் ஊர் ஜப்பான்காரர், அந்த வழியாகப் போன என்னைக் கைதட்டிக் கூப்பிட்டுச் சொன்னார். குளிர்காலத்தில் மார்புச் சளி முற்றி இறந்தீர்களாம். அதற்கு முன் உங்கள் துறைமுக ஊரில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தீர்களாம். பாடவில்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அவங்களுக்குத்தான் குரல் இல்லையே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

இத்தனை வருஷம் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. விலாசம் ஸ்டூடியோக்காரரிடம் இருந்தது, எழுத்தும் எனக்குத் தெரியும். எழுத முகம் இல்லை. இப்போது எழுதுவதிலும் நான் ஒளித்துவைத்து வெளியே எடுக்கப் போவது ஒன்றுமில்லை. எல்லாம் உங்கள் கண்ணெதிரே, ஆயிரம் பேர் பார்க்க நடந்தது. ஆனால் நடந்ததை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்பதுதான் எனக்கு இன்று வரை விளங்கவில்லை. விளங்காததால் வெட்கம் குறையவும் இல்லை.

உங்களைக் கொட்டகைக்குக் கூட்டிவந்தவர் எங்கள் காண்ட்ராக்டர். தூத்துக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் நாடகக் கம்பெனிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவருகிறவர். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே கொட்டகை சும்மா கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஆற்றங்கரை ஹோட்டலில் துரைமார்களுக்குப் பாடிக்கொண்டிருந்த ஜப்பான்காரியைப் பற்றிக் கேள்விப்பட்டு, போய்ப் பேசி முடித்துவிட்டார். "வாத்தியாரே, ஜாஸ் பாட்டாம். உங்க பெட்டி தாங்குமா?" என்றார். என் பெட்டி எல்லாம் தாங்கும் என்றேன். ஜாஸ் என்றால் கறுப்பா சிவப்பா என்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

உங்கள் தமிழைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பினாங்கில் துணி வெளுக்கிறவரிடமும் சிங்கப்பூரில் வண்டிக்காரரிடமும் கற்றது. யாராக இருந்தாலும் நீ, வா, போதான். காண்ட்ராக்டரிடமே, "நீ குண்டு, நாற்காலி பாவம்" என்றீர்கள். அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார். என்னை "பெட்டி மாஸ்டர்" என்றீர்கள். பிறகு அது வெறும் மாஸ்டர் ஆனது.

ஒத்திகை இடைவேளைகளில் உங்கள் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். அப்பா பொதுக் குளியல் கூடம் நடத்தினார். சின்ன வயதில் ஆவி நிறைந்த அந்தக் கூடத்தில் பாடி, சுவர் திருப்பிப் பாடியதைக் கேட்டுத்தான் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. "அங்கே எல்லாரும் நல்லாப் பாடுவாங்க மாஸ்டர். வெளியே வந்தா யாருமே இல்லை. நான் வெளியேயும் பாடினேன்," என்று சொல்வீர்கள். அமெரிக்கக் கப்பல்களில் வந்த பேண்டுக்காரர்களிடம் புதுப் பாட்டுகளைக் காதால் பிடித்தீர்கள். படக் கொட்டகையில் ஊமைப் படத்துக்கு நடுவே பாடினீர்கள். நிலம் நடுங்கி ஊர் தீப்பற்றிய அன்று கொட்டகை, குளியல் கூடம், அப்பா எல்லாம் ஒரே நாளில் போனது. பிறகு ஷாங்காய். அங்கே மணிலாக்காரர்களின் பேண்டில் நின்று ஜாஸ் பாடக் கற்றது, வெள்ளைக்காரப் பாடகி வராத நாட்களில் மட்டும் மேடை கிடைத்தது, ஊர் ஊராக மேற்கே நகர்ந்து ரங்கூன் வந்தது. இதையெல்லாம் நீங்கள் அழாமல் சொன்னீர்கள். நடுநடுவே எங்கள் வேர்க்கடலையையும் தின்று தீர்த்தீர்கள்.

உங்களுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கிராமபோன் பிளேட்டில் பாட வேண்டும். "கொட்டகை எரியும், நான் சாவேன், பிளேட்டு இருக்கும்," என்றீர்கள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

நாம் சேர்ந்து போட்ட பாட்டு நினைவிருக்கிறதா? அக்கரையில் டாலாவிலிருந்து சம்பான் படகில் ஆற்றைக் கடந்து ஞாயிற்றுக்கிழமை நாடகம் பார்க்க வருகிற எங்கள் ஆலைத் தொழிலாளிகளை வைத்து நான் எழுதினேன். "சம்பான்காரா, சம்பான்காரா, அக்கரை எப்போ சேரும்?" மெட்டும் என்னுடையதுதான். அதில் நடையை நொண்ட வைத்தது நீங்கள். தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாமல், அடுத்த இடத்தில் விழுந்து எழுந்திருக்கும். எனக்கு அது பிடிபட நெடுநாள் ஆயிற்று. அவசரப்பட்டு முன்னால் போய்விடுவேன். நீங்கள் கட்டைமேல் ஓங்கித் தட்டி, "நீ ஓடுறே மாஸ்டர். சம்பான் ஓடாது" என்பீர்கள். பதினெட்டு வயதிலிருந்து பெட்டி வாசிப்பவன் நான். எனக்குத் தாளம் சொல்கிறாளே என்று பொருமுவேன். பிறகு தனியாக உட்கார்ந்து அதையே சாதகம் செய்வேன்.

ஒருநாள் ஒன்ஸ் மோரைப் பற்றிக் கேட்டீர்கள். ஹோட்டலில் துரைமார் இரண்டு விரலால் கைதட்டுவதோடு சரி. எங்கள் கொட்டகையில் ஜனங்கள் எழுந்து நின்று ஒன்ஸ் மோர் என்று கத்துவதைப் பார்த்து நீங்கள் மிரண்டுபோயிருந்தீர்கள். நான் பெருமையாக விளக்கினேன். "எங்க நாடகத்துல செத்துக் கிடக்கற ராஜாவே ஒன்ஸ் மோர்னா எழுந்து, பாடிட்டு, மறுபடி செத்துப்போவார். கொடுக்காத ஆளை ஜனங்க மதிக்க மாட்டாங்க. சபைன்னா சாமி மாதிரி." நீங்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு எழுந்து, முகம் மாறி, "சாமி கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டீர்கள்.

"ஒரு வழி இருக்கு. நான் பெட்டியை மூடிட்டா முடிஞ்சுபோச்சு. அப்புறம் எவனும் கத்த மாட்டான்" என்றேன்.

அது உண்மைதான். எங்கள் கொட்டகைகளில் எழுதாத சட்டம் அது. ராஜபார்ட் மறுக்க முடியாது, காண்ட்ராக்டர் மறுக்க முடியாது. ஆர்மோனியக்காரன் மூடியைச் சாய்த்தால் மட்டும் ஜனங்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த அதிகாரத்தை நான் அன்று உங்களிடம் என்ன மிடுக்காகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

அதற்குப் பிறகுதான் நீங்கள் காத்திருந்தது வந்தது. கிராமபோன் கம்பெனியின் துரை மிஷினோடு ரங்கூனுக்கு வருகிறார், ஹோட்டலில் அறை எடுத்துப் பாட்டுப் பிடிக்கப் போகிறார், உங்களுக்கும் இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று கம்பெனி ஏஜெண்டு வந்து சொன்னார். ஒரு பக்கம் உங்கள் ஊர்ப் பாட்டு, மறுபக்கம் சம்பான்காரன். நீங்கள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினீர்கள். அந்த வாரமே தொண்டையில் வலி தொடங்கியது. ரங்கூனில் இருந்த உங்கள் ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டையில் புண் இருக்கிறது, பேசுவதைக்கூடக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குரல் போய்விடும் என்று சொல்லிவிட்டார். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சி இருந்தது. நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. நிறுத்திவிடலாம் என்று காண்ட்ராக்டரே சொன்னார். நீங்கள்தான் கேட்கவில்லை. பேர் போட்ட பிறகு வராமல் இருப்பது உங்கள் ஊரில் வழக்கமில்லை என்றீர்கள்.

அன்று சாயங்காலம் மேடைக்குப் போகுமுன் என்னிடம் வந்து, கிசுகிசுப்பாகச் சொன்னீர்கள். "ரெண்டு பாட்டு. அப்புறம் நீ பெட்டி மூடு."

"மூடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

கொட்டகை பிதுங்கி வழிந்தது. டாலா ஆட்கள் முன்னால் தரை டிக்கெட்டில், துறைமுகத்தார் நடுவில், பபேடான் கடைக்காரர்கள் பின்னால் நாற்காலியில். முதல் பாட்டைப் பாதிக் குரலில் பாடிச் சமாளித்தீர்கள். இரண்டாவது சம்பான்காரன். நீங்கள் தொண்டையைக் காப்பாற்ற மெல்லப் பாடியதாலோ என்னவோ, அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. சம்பானில் உட்கார்ந்து வீட்டை நினைக்கிறவன் காதில் பேசுவது போல இருந்தது. பாட்டு முடிந்தது. கைதட்டலில் கொட்டகைக் கூரையே கிளம்பியது.

என் கை மூடியின் மேல்தான் இருந்தது. சத்தியமாக அங்கேதான் இருந்தது. அப்போது முன்வரிசையில் ஒருவன் எழுந்து கத்தினான். "வாத்தியார் பாட்டு ஒன்ஸ் மோர்!"

என்னுடைய பாட்டு. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பாட்டுக்கு ஒன்ஸ் மோர் வாசித்தவன் நான். ராஜபார்ட்டுக்குக் கேட்பார்கள், ஸ்திரீபார்ட்டுக்குக் கேட்பார்கள், பபூனுக்குக்கூடக் கேட்பார்கள். பெட்டிக்காரனை எவன் பார்த்தான்? அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அதையே கத்தினார்கள். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பெட்டி திறந்திருந்தது. என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதையும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத் தலையை லேசாகக் குனிந்து, தொடங்கு என்பது போல் கையைக் காட்டினீர்கள். நான் தொடங்கினேன்.

இரண்டாம் முறை முடிந்தும் மூடவில்லை. மூன்றாம் முறை, அக்கரை எப்போ என்று மேலே ஏறும் இடத்தில், உங்கள் குரல் நின்றது. வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஜனங்கள் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். சம்பான் நடு ஆற்றில் நின்றுபோனதை ஜப்பான்காரம்மா நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள், விசில் அடித்தார்கள், அதற்கும் ஒன்ஸ் மோர் கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியது மூடிதான். அப்போதுதான் நான் பெட்டியை மூடினேன். நீங்கள் இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனீர்கள்.

மறுநாள் கடைத்தெருவில் எத்தனை பேர் என்னை நிறுத்திக் கைகொடுத்தார்கள் தெரியுமா? என்ன பாட்டு வாத்தியாரே, என்ன பாட்டு என்று. வெட்கப்பட வேண்டியவன் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு சிரித்தேன். அதை நீங்கள் பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

கம்பெனித் துரை வந்த அன்று, குரல் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில் நாம் ஹோட்டலுக்குப் போனோம். சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. அப்போது மின்சார மிஷின் எங்கள் பக்கம் வரவில்லை. ஒரு பெரிய தகரப் புனல் முன்னால் நின்று பாட வேண்டும். நீங்கள் புனலுக்கு எதிரே நின்றீர்கள். நான் வாசித்தேன். உங்கள் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. துரை நல்ல மனிதர். பாட்டைப் பதிய இன்னொரு மெழுகுத் தட்டு போட்டார், வெந்நீர் வரவழைத்தார், காத்திருந்தார். மூன்றாவது மெழுகுக்கும் அதேதான். பிறகு அவர் ஏஜெண்டிடம் ஏதோ சொல்ல, ஏஜெண்டு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, மெழுகு சூடா இருக்கு, வீணாப் போகுது. பெட்டி மட்டும் வாசிக்கிறீங்களான்னு துரை கேக்கறார்."

மாட்டேன் என்றேன். அப்போதுதான் உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். சத்தமில்லாத கோபம். என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, உதடு மட்டும் அசைய, "வாசி" என்றீர்கள். புனலைப் பெட்டிப் பக்கம் திருப்பினார்கள். நீங்கள் நகரவில்லை. நான் ஓடிவிடுவேன் என்று, புனலோரம் நின்று காற்றில் கையால் தாளம் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்று நான் ஓடவில்லை. என் வாழ்க்கையிலேயே சரியான நடையில் வாசித்தது அன்று ஒருநாள்தான்.

நீங்கள் கப்பல் ஏறிய காலையில் துறைமுகத்துக்கு வந்தேன். பேச எனக்கும் வாய் வரவில்லை, உங்களுக்கும் குரல் இல்லை. நல்ல ஜோடி. சங்கு ஊதுமுன் நீங்கள் கிட்டே வந்து, கரகரப்பாக, "ஷாங்காயிலே ஒன்ஸ் மோர் ஒண்ணுகூட இல்லை. இங்கே வந்தது. நல்ல சபை மாஸ்டர்" என்றீர்கள். எனக்கு ஆறுதலாகச் சொன்னீர்களா, மெய்யாகவே அப்படி நினைத்தீர்களா? ஆறுதல் என்றால் அதற்கு நான் தகுதியில்லை. மெய் என்றால் இன்னும் மோசம். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு உங்களிடமே நன்றி வாங்கிக்கொண்டவன் ஆகிறேன். மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைக்குட்டையைத்தான் ஆட்டினேன்.

அந்தப் பிளேட்டு ஓடியது அம்மா. தேநீர்க் கடையில், தையல் கடையில், மொகிங்கா சேமியா விற்கும் பர்மாக்காரி கடை எதிரில்கூட ஓடியது. பிளேட்டின் நடுவில் ஒட்டிய சிவப்புக் காகிதத்தில் என் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது, ஆர்மோனியம் என்று. உங்கள் பெயர் எங்கும் இல்லை. எந்தக் கம்பெனி நாடகம் வந்தாலும் நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் 'பிளேட்டுப் புகழ்' என்று போடுகிறார்கள். போட வேண்டாம் என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. சொல்ல நினைத்துக் காண்ட்ராக்டர் அறை வாசல் வரை போவேன். அவர் என்ன வாத்தியாரே என்பார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவேன்.

ஸ்டூடியோக்காரர் உங்கள் சேதியைச் சொன்ன மறுவாரம், அதே ஏஜெண்டு என்னைத் தேடித் தேநீர்க் கடைக்கு வந்தார். கம்பெனி இப்போது மின்சார மிஷின் வைத்திருக்கிறதாம். சம்பான்காரனைப் புதிதாக எடுத்து, பழைய பிளேட்டை நிறுத்திவிடலாம் என்கிறார்களாம்.

"எதுக்கு? அது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல ஒரு குறை இருக்கு வாத்தியாரே. பாட்டு எடுக்கற இடத்துல, யாரோ பக்கத்துல நின்னு மூச்சு இழுக்கற மாதிரி ஒரு சத்தம். துரை அன்னிக்குக் கவனிக்கலை போல. புதுசுல அது வராது."

எனக்குத் தெரியும் அந்த இடம். முன்னிசை முடிந்து பல்லவி தொடங்க வேண்டிய இடம். பாட மாட்டோம் என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில், பாடுவதற்காக நீங்கள் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தீர்கள். புனல் அதைப் பிடித்துக்கொண்டது. வேறு யாருக்கும் கேட்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக வாசிக்க மாட்டேன், பழையதை நிறுத்தவும் சம்மதிக்க மாட்டேன் என்றேன். வாத்தியாருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார், நினைக்கட்டும். அது யார் மூச்சு என்று கேட்டார். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். உங்கள் முழுப் பெயரையும் சொன்னேன்.

ஏஜெண்டு நெற்றியைச் சுருக்கினார். "அந்த ஜப்பான்காரம்மாவா? அவங்கதான் பாடவே இல்லையே."

"பாடத்தான் வந்தாங்க," என்றேன்.